ஒரே தடத்தில் இரு கிரகணங்கள்

அந்திதோறும் கதிரவன் மறைகின்றான், யாரும் அஞ்சுவதில்லை. கார்காலத்தில் மேகம் அவனை நாள் முழுதும் மூடி வைக்கின்றது. அப்பொழுதும் யாரும் கலங்குவதில்லை. ஆனால், தெளிந்த வானில், பட்டப்பகலில், மேகமும் இன்றி மலையும் இன்றி அவன் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைவானாயின், எந்த நாட்டு மக்களும் வேலையை விட்டுவிட்டு வெளியே வருவர். அல்லது கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருப்பர். வெளியே வருவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையில் மனித அறிவின் நெடிய வரலாறு ஒன்று அடங்கியிருக்கின்றது. அவ்வரலாற்றின் சில பக்கங்கள் நம் தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டவை. அவற்றை இன்று மாணவ மணிகளுடன் சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகின்றேன்.

காரைக்காலில் வாழ்வோர்க்குக் கோள்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. சனி பகவானுக்குப் பேர்பெற்ற திருநள்ளாறு இம்மாவட்டத்திலேயே இருக்கின்றது. கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளமும், புதனுக்குரிய திருவெண்காடும் அண்மையில் உள்ளன. இராகுவுக்குரிய திருநாகேஸ்வரமும், கதிரவனுக்குரிய சூரியனார் கோயிலும், திங்களுக்குரிய திங்களூரும் காவிரி பாயும் இதே நாட்டில் உள்ளவை. கிரகணம் என்றால் நம் வீடுகளில் என்னென்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சமைத்த உணவின்மேல் தர்ப்பைப்புல்லை இடுவர். திருநள்ளாறே தருப்பாரண்யம், அதாவது தர்ப்பைக் காடு எனப் பெயர் பெற்ற தலம் அல்லவா? கருவுற்ற பெண்களை வெளியே விடமாட்டார்கள். தாம்பாளத்தில் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்திப் பார்ப்பார்கள். கிரகணம் விட்டதும் ஆற்றிலோ கடலிலோ தலை முழுகுவார்கள். இராகு என்னும் பாம்பு கதிரவனை விழுங்கி உமிழ்கின்றது என்பது பாட்டிமார் நமக்குச் சொன்ன கதை.

கதை அதுவாயினும், கணக்கு வேறாகவே இருந்தது. கி.பி. 499-இல் ஆரியபடர் தம் நூலில், திங்கள் கதிரவனை மறைப்பதால் சூரிய கிரகணமும், பூமியின் நிழல் திங்களை மறைப்பதால் சந்திர கிரகணமும் உண்டாகின்றன என்று தெளிவாகவே கூறினார். திங்கள் செல்லும் பாதையும் கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகளையே கணிதர்கள் இராகு, கேது என வழங்கினர். ஒரே பெயர், கதை கேட்பவர்க்குப் பாம்பு. கணக்குப் போடுபவர்க்குப் புள்ளி. இவ்விரண்டும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே மனிதரின் உள்ளத்திலேயே, சண்டையின்றிக் குடியிருந்தன.

நம் பஞ்சாங்கக் கணிதர்கள் எத்தகைய திறம் உடையவர்கள் என்பதற்குப் புதுச்சேரியிலிருந்தே சான்றுகள் கிடைக்கின்றன. பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல் என்பவர், வெள்ளி என்னும் கோள் கதிரவனுக்கு முன்னே கடந்து செல்லும் அரிய காட்சியைக் காண 1760-இல் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1761-இல் அவர் இந்தியக் கரையை நெருங்கியபொழுது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது, கப்பல் திரும்பியது, நடுக்கடலில் ஆடும் தளத்தில் நின்று கொண்டு அளவெடுக்க இயலவில்லை. அடுத்த காட்சிக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியில் கருவிகளை நிறுவினார். குறித்த காலையில் மேகம் வந்து மறைத்தது. வெறுங்கையுடன் அவர் தாய்நாடு திரும்பியபொழுது, அவர் இறந்துவிட்டதாகவே அங்கே முடிவு செய்திருந்தனர். ஆயினும் அவருடைய பயணம் முற்றிலும் வீண்போகவில்லை. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டறிந்தார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை ஒரு தமிழர் கணித்ததில் 41 விநாடி குறைவாக இருந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட மாயர் என்பாரின் அட்டவணைப்படி கணித்ததிலோ 68 விநாடி மிகையாக இருந்தது.

இன்னுமொரு சான்று. 1825-இல் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை முணுமுணுத்தபடியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாக்கியத்தின் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண். அதனால்தான் அம்முறைக்கு வாக்கியம் என்று பெயர். அக்கணக்கில் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிட அளவே பிழைபட்டது. ஆனால் நடுப்பகுதியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. நம் முன்னோரைப் புகழும்பொழுது 4 நிமிடத்தை மட்டும் சொல்லி 52 நிமிடத்தை மறைப்பது முறையன்று. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த எண்களைத் திருத்தாமலே ஓதி வந்தமையால், சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாயின. கிரகணம் ஒன்றுதான் அப்பிழையை ஊரறியக் காட்டிக் கொடுக்கும். நல்ல நாள் சற்று முன்பின்னாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கிரகணம் முன்பின்னாக நிகழ்ந்தால் தெருவில் நிற்கும் சிறுவனுக்கும் தெரிந்துவிடும்.

இதை உணர்ந்த ஒரு தமிழ்நாட்டு அறிஞரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய இவர், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். கண்ணால் கண்ட கோள்நிலையோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்று வற்புறுத்தி, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா வாக்கியப் பஞ்சாங்கப்படியே நடைபெறுவதும், திருக்கணிதத்தார் வேறு நாள் குறிப்பதும் நீங்கள் அறிந்ததே.

இனி, கூட்டங்கூடிக் கிரகணம் பார்த்த வரலாற்றிற்கு வருவோம். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று இந்தியாவின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காகச் சென்றது. பிரெஞ்சு நாட்டு ஜான்சென் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். ரகுநாதாச்சாரி ஐதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் இருந்தார். கதிரவனின் விளிம்பில் செந்தீ நாக்குகள்போல் எழும் பிழம்புகளை ஜான்சென் நிறமாலைக் கருவியால் நோக்கினார். அவற்றின் ஒளிக்கோடுகள் மிகவும் பிரகாசமாக இருந்தமையால், கிரகணம் இல்லாத நாளிலும் இவற்றைக் காணலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே முயன்றார்; வெற்றி கண்டார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பவரும் அதே முறையைத் தாமாகவே கண்டு, அக்டோபர் 20-இல் வெற்றி பெற்றார். இருவருடைய செய்திகளும் பாரிஸ் அறிவியற் கழகத்திற்கு ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பிரெஞ்சு அரசு இருவர் முகங்களையும் ஒரே பதக்கத்தில் பொறித்துச் சிறப்பித்தது. அப்பிழம்புகளின் ஒளியில் காணப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று, அறியப்பட்ட எந்தத் தனிமத்திற்கும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் எனப் பெயரிட்டனர். பூமியில் அத்தனிமம் 1895-இல்தான் ராம்சே என்பவரால் கண்டெடுக்கப்பட்டது. மண்ணில் கிடைப்பதற்கு முன்பே விண்ணில் அறியப்பட்ட பொருள் அது.

அதே கிரகணம் சயாம் நாட்டையும் கடந்தது. அந்நாட்டு மன்னர் மோங்குட், தாமே கணித்து இடத்தையும் நேரத்தையும் குறித்து, வா கோ என்னும் கடற்கரைக் காட்டில் பாசறை அமைத்து, பிரெஞ்சு அறிஞர்களையும் சிங்கப்பூர் ஆளுநரையும் விருந்தினராக அழைத்துக் காட்டினார். அவர் கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அக்காட்டில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் அவர் காலமானார்.

மூன்றே ஆண்டுகளில் நம் தமிழகத்திற்கே வாய்ப்பு வந்தது. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காலையில், திங்களின் நிழல் அரபிக்கடலைக் கடந்து மலையாளக் கரையில் ஏறியது. காசர்கோட்டை அடுத்த பேக்கல் கோட்டை, நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என அது சென்ற தடத்தில் எங்கும் கூடாரங்கள் முளைத்தன. பேக்கல் கோட்டையில் லாக்கியர், தொட்டபெட்டா உச்சியில் தெனண்ட் என்னும் படைப்பொறியியலார், உதகையை அடுத்த சோலூரில் ஜான்சென், அவினாசியில் போக்சன், புதுக்கோட்டையில் இத்தாலி நாட்டு ரெஸ்பிகி, யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வேறு குழுவினர். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்கால் அத்தடத்திற்குச் சற்று வடக்கே ஒதுங்கியிருந்தது. இங்கே கதிரவன் பிறையளவாகத் தேய்ந்து பின் வளர்ந்தான்.

ஜான்சென் சோலூருக்கு வந்த கதை கேட்கத் தக்கது. அதற்கு முந்திய ஆண்டு, 1870 டிசம்பர் 22-இல், வட ஆப்பிரிக்காவில் முழுக் கிரகணம் நிகழவிருந்தது. அப்பொழுது பாரிஸ் நகரத்தைச் செருமானியப் படை முற்றுகையிட்டிருந்தது. ஜான்சென் டிசம்பர் 2-ஆம் நாள் தம் கருவிகளுடன் பலூன் ஒன்றில் ஏறி, பகைவர் தலைக்கு மேலே பறந்து தப்பினார். கடல் கடந்து அல்ஜீரியாவின் ஓரான் நகரை அடைந்தார். குறித்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! லெ ஜாந்தீலுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. அவரோ மனம் தளராமல் மறு ஆண்டே நீலகிரிக்கு வந்தார். எந்த மேட்டில் காலைப்பனி குறைவு என்று முன்கூட்டியே ஆராய்ந்து சோலூரைத் தேர்ந்தார். அன்று வானம் தெளிவாக இருந்தது.

பேக்கல் கோட்டையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிரகணம் நெருங்கியபொழுது சுற்றுப்புற மக்கள் திரளாகக் கூடினர். கதிரவனை விழுங்கவரும் இராகுவை விரட்ட, உலர்ந்த புல்லைக் குவித்துத் தீமூட்ட முற்பட்டனர். புகை எழுந்து கருவிகளின் முன் பரவுமாயின், கடல் கடந்து வந்த அத்தனை பேருடைய உழைப்பும் வீணாகும். காவலர் விரைந்து தீயை அணைத்தனர். இந்நிகழ்ச்சியைப் படிப்பவர் பலர் அம்மக்களை எண்ணி நகைப்பர். நகைக்க வேண்டுவதில்லை. கதிரவனுக்குத் துன்பம் வந்தது என்று நம்பியவர்கள், தம்மால் இயன்ற உதவியைச் செய்ய ஓடிவந்தார்கள். குறை அவர்கள் உள்ளத்தில் இல்லை. அவர்களுக்கு முன்னதாகவே யாரும் எடுத்துச் சொல்லாததில் இருந்தது. கோட்டைக்குள்ளே தொலைநோக்கி, கோட்டைக்கு வெளியே கூட்டம், இரண்டிற்கும் இடையே மதில். அன்று அம்மதிலைக் கடந்து ஒரு பள்ளி ஆசிரியர் சென்று மக்களிடம் பேசியிருந்தால், தீயை அணைக்கக் காவலர் வேண்டியிருக்காது.

அந்த இரண்டு நிமிட அளவுள்ள இருளில் அறிஞர்கள் பெற்ற பயன் என்ன? கதிரவன் முற்றிலும் மறைந்ததும் அவனைச் சுற்றி முத்துப்போன்ற வெண்ணொளி மகுடம் ஒன்று தோன்றும். இதனைக் கரோனா என்பர். இது கதிரவனுக்கே உரியதா, அல்லது நம் பூமியின் காற்று மண்டலத்தில் உண்டாகும் தோற்றமா என்று அந்நாளில் ஐயம் இருந்தது. பேக்கல் கடற்கரையிலும் தொட்டபெட்டா உச்சியிலும் தனித்தனியே எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டனர். இடம் வேறு, உயரம் வேறு, நிழல் வந்து சேர்ந்த நேரமும் வேறு. ஆயினும் மகுடத்தின் வடிவம் ஒன்றாகவே இருந்தது. காற்றில் தோன்றும் மாயையாயின் இடத்திற்கு இடம் மாறியிருக்கும். ஆகவே அம்மகுடம் கதிரவனுடையதே என்பது உறுதியாயிற்று. ஜான்செனோ, கதிரவனின் ஒளிநிறமாலையில் உள்ள கருங்கோடுகள் சில மகுடத்தின் ஒளியிலும் இருப்பதைச் சோலூரில் கண்டார். மகுட ஒளியில் ஒரு பகுதி, கதிரவனின் ஒளியே நுண்துகள்களில் பட்டுச் சிதறி வருவது என்பது இதனால் புலப்பட்டது.

மாணவர்களே, இத்துணைப் பாடுபடுவது எதற்கு என்று கேட்பீர்கள். முழுக் கிரகணம் உலகில் எங்கேனும் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நிகழக்கூடும். ஆனால் குறிப்பிட்ட ஓர் ஊரில் அது மீண்டும் நிகழ, சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். கதிரவன் திங்களைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. எனவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. திங்களின் தொலைவோ ஒரே நிலையில் இல்லை. அது நமக்கு அருகில் இருக்கும்பொழுது கதிரவனை முழுதும் மறைக்கும். தொலைவில் இருக்கும்பொழுது முழுதும் மறைக்க மாட்டாமல், சுற்றிலும் தீவளையம்போல் ஓர் ஓரத்தை விட்டுவைக்கும். இதனைக் கங்கண கிரகணம் அல்லது வளைய கிரகணம் என்பர்.

1871-க்குப் பின் நம் நாட்டு மக்கள் கிரகணத்தை எவ்வாறு எதிர்கொண்டனர்? 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் முழுக் கிரகணம் கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியே சென்றது. அன்று நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். எங்கள் பகுதியில் கிரகணம் முழுமையாகத் தெரியாது. ஆயினும் பிற்பகலில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கடைகள் அடைபட்டன, சன்னல்களில் துணி தொங்கியது. கண் கெட்டுவிடும் என்னும் அறிவிப்பைக் கேட்ட மக்கள், பார்க்கும் முறை இன்னது என்னும் செய்தியைக் கேட்கவில்லை. எச்சரிக்கை அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தால் அதுவும் மூடநம்பிக்கைக்கே துணைபோகும் என்பதை அன்று கண்டேன். 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின்பொழுது நிலைமை மாறியிருந்தது. அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகச் சென்று விளக்கினர். பாதுகாப்பான கண்ணாடிகளை வழங்கினர். இராசத்தான் முதல் வங்காளத்து டயமண்டு ஆர்பர் வரை மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் அச்சம் ஆவலாக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

பின்னர் 2010-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், கன்னியாகுமரி, இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய இடங்களில் கங்கண கிரகணம் தெரிந்தது. அதன் பின்னர் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மற்றொன்று. இதன் தடத்தைக் கேளுங்கள்: காசர்கோடு, நீலகிரி, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை, அதன்பின் இலங்கையின் வடபகுதி. 148 ஆண்டுகளுக்கு முன் லாக்கியரும் ஜான்செனும் ரெஸ்பிகியும் நின்ற அதே தடம் ஏறத்தாழ! அதே டிசம்பர் மாதம். அதே காலை வேளை. அன்று முழு மறைப்பு, இன்று வளையம். இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆயினும் ஒரே கேள்வித்தாளை இரு தலைமுறை மாணவர்களிடம் கொடுத்ததுபோல் அமைந்துவிட்டது.

காரைக்கால் இம்முறையும் தடத்திற்குச் சற்று வடக்கே இருந்தது. ஆனால் இவ்வூர்க்கு அந்நாள் வேறொரு பொருளும் உடையது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எழுந்து, காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. ஆண்டுதோறும் அந்நாளில் கடற்கரையில் மலர் தூவியும் பால் ஊற்றியும் மக்கள் அஞ்சலி செலுத்துவர். பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளன்று, பேரலை வந்த அதே காலை நேரத்தில், கதிரவனும் தேயத் தொடங்கினான். கிரகணத்தால் நிலம் நடுங்கும், கடல் பொங்கும் என்னும் பேச்சு முன்தினமே பரவியிருந்தது.

பணி ஓய்வு பெற்றிருந்த நான், அன்று கரையோரத்துத் தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்றின் கீழ்ச் சில பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தேன். கீற்றின் துளைகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் நாள்தோறும் வட்டமாக இருக்கும். அன்று மேகம் விலகியபொழுதெல்லாம் அவை பிறை பிறையாக மணலில் விழுந்தன, நூற்றுக்கணக்கான பிறைகள். பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையில் அவற்றை ஏந்தி மகிழ்ந்தனர். ஒரு சிறுவன் மட்டும் மணலைப் பாராமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இன்னைக்கும் கடல் உள்ளே வருமா?" என்று கேட்டான். வராது என்றேன். அவனை அழைத்துச் செல்ல வந்திருந்த அவன் பாட்டி, "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா அன்னைக்கும் வானம் தெளிவாத்தானே இருந்துச்சு" என்றார்.

அந்த அம்மையாரின் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அச்சத்திற்கு அவரிடம் காரணம் இருந்தது. அவருக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கின்றேன். 2004-இல் நிகழ்ந்தது கிரகணத்தால் அன்று. அந்நாள் பௌர்ணமி, சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழும். சுமத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்ததே பேரலைக்குக் காரணம். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு முன்பே நிலம் நடுங்கிவிட்டது. அலை நம் கரையை அடையச் சில மணி நேரம் ஆயிற்று. அந்நேரத்திற்குள் நம்மை எச்சரிக்க யாரும் இல்லை என்பதே துயரம். அதன் பின்னரே, 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

இங்கே இரண்டு வகை இயற்கை நிகழ்ச்சிகளைப் பிரித்தறிய வேண்டும். கிரகணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே விநாடிக் கணக்கில் சொல்லிவிடலாம். அதனால் எவர்க்கும் தீங்கு இல்லை. நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்லும் கணக்கு இன்றுவரை இல்லை. ஆனால் அது நிகழ்ந்த பின் அலை வருமா என்று சில நிமிடங்களில் அறியலாம். முன்னதற்கு அஞ்சிக் கதவடைப்பதும், பின்னதற்குரிய எச்சரிக்கை வந்தபொழுது கரையிலேயே நின்று வேடிக்கை பார்ப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும், அஞ்ச வேண்டாததைக் கண் திறந்து காண்பதும் கல்வியின் பயன். எதற்கு அஞ்சுவது என்பதைப் பிழையாகக் கற்றவன், உண்மையான இடர் வரும் நாளில் தவறான திசையில் ஓடுவான்.

கண் திறந்து காண்பது என்றேன்; வெறுங்கண்ணால் காண்பது என்று பொருள் கொள்ளாதீர்கள். கிரகணத்தில் புதிய நச்சுக் கதிர் எதுவும் வருவதில்லை. என்றும் உள்ள கதிரவனே அன்றும் உள்ளான். ஆனால் மற்ற நாட்களில் நாம் அவனை உற்று நோக்குவதில்லை, அன்று நோக்குகின்றோம். விழித்திரைக்கு வலி உணர்வு இல்லை. எனவே சுடுவது தெரியாமலே பழுது நேர்ந்துவிடும். மஞ்சள் கரைத்த நீரில் நிழல் பார்ப்பதும், புகையேற்றிய கண்ணாடியும், பழைய எக்ஸ்ரே படச்சுருளும் போதிய பாதுகாப்புத் தாரா. இதற்கென்றே தரச்சான்று பெற்ற கண்ணாடிகளை அணிய வேண்டும். அல்லது அட்டையில் ஊசித்துளையிட்டு, கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் உருவத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. நம் கீற்றுப் பந்தலே போதும்.

2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மீண்டும் ஒரு கங்கண கிரகணம் கேரளத்தின் தென்பகுதியையும், தமிழகத்தின் தென்பகுதியையும், இலங்கையையும் கடந்து செல்லவிருக்கின்றது. 2034-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் முழுக் கிரகணம் ஒன்று நாட்டின் வட எல்லையில் இலடாக்கு பகுதியைத் தொட்டுச் செல்லும். நாட்குறிப்பில் இப்பொழுதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்று பள்ளியில் பயிலும் நீங்கள் அன்று கல்லூரி மாணவராகவோ, ஆசிரியராகவோ, ஒரு வீட்டின் பொறுப்பாளராகவோ இருப்பீர்கள். உங்களைச் சுற்றியும் ஒரு கூட்டம் கூடும். அக்கூட்டத்தில் அஞ்சுபவர் இருப்பர்; எள்ளி நகைப்பவர் இருப்பர்; எதையும் அறியாத குழந்தை இருக்கும். அஞ்சுபவரை எள்ளாமலும், எள்ளுபவரோடு சேராமலும், குழந்தையின் கையில் ஊசித்துளையிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, இவ்வாறு நில், இங்கே பார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். முன்தினமே சென்று பாட்டியிடம் இரண்டு சொல் பேசிவரவும் ஒருவர் வேண்டும். பேக்கல் கோட்டையின் மதிலுக்கு வெளியே அன்று இல்லாதிருந்த அந்த ஒருவர், இனி நீங்களாக இருக்கலாம்.